கண்மாய்க் கருவிக்கு சிம் வேண்டாம், ஊர் மாடியில் ஒரு கேட்வே போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கண்மாய்களில் தானியங்கி நீர்மட்டக் கருவி வைக்க வேண்டும் என்று வாசகர் ஒருவர் சென்ற வாரம் எழுதியிருந்தார். நியாயமான கோரிக்கைதான். ஆனால் அந்தக் கருவி அனுப்பும் தகவலை யார் வாங்குவது, எங்கே வாங்குவது என்பதை அவர் தொடவில்லை. பணம் கரைவதும் திட்டம் படுத்துவிடுவதும் அந்த இடத்தில்தான் என்பதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மானாமதுரைக்குக் கிழக்கே இருக்கிறது. நான் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருப்பவன். சில வருடங்களுக்கு முன் ஒரு தனியார் நிறுவனம் வந்து மூன்று மடைகளில் மூன்று கருவி பொருத்தியது, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சிம் கார்டு. முதல் வருடம் செல்போனில் தண்ணீர் அளவு அழகாக வந்தது. அடுத்த வருடம் சந்தா கட்ட யாரிடமும் பணம் இல்லை, சிம் அடங்கிவிட்டது, பெட்டிகள் இன்றும் மடைக்கல்லில் வெயில் காய்கின்றன. பழையபடி ஐப்பசி மழையில் ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு கரை மேல் நடப்பது எங்கள் நீர்பாய்ச்சிதான், அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கண்மாய் எப்போது மறுகால் பாயும் என்பதை அவர் ஒருவர் கண்ணை நம்பித்தான் கீழே இருக்கிற நான்கு ஊரும் தூங்குகிறது.

அப்புறம்தான் டிப்ளமோ படித்த என் அக்கா மகன் லோரா என்ற, குறைந்த மின்சாரத்தில் தூரம் போகும் ரேடியோ முறை பற்றிச் சொன்னான். கருவிக்கு சிம் கிடையாது, நல்ல பேட்டரி போட்டால் வருடக்கணக்கில் ஓடும், உரிமம் தேவைப்படாத 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சின்னச் சின்னத் தகவலாக அனுப்பும். ஊரில் உயரமான ஒரு மாடியில் இருக்கும் கேட்வே என்ற பெட்டி அவற்றையெல்லாம் கேட்டு இணையத்தில் சேர்த்துவிடும். ஒரு கேட்வே, சுற்றுவட்டாரத்தில் நூற்றுக்கணக்கான கருவி. சந்தா ஒரே ஒரு இணைய இணைப்புக்கு மட்டும்.

சரி, நாமே செய்வோம் என்று இறங்கினோம். முதலில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒற்றைச் சேனல் கேட்வே ஒன்றைச் செய்தோம், ஆயிரத்து ஐநூறு ரூபாய்கூட ஆகவில்லை. ஆர்வமுள்ள பிள்ளைகள் எல்லோரும் இங்கேதான் சறுக்குகிறார்கள், எனவே கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். நம் நாட்டுக்கான லோரா அலைவரிசைத் திட்டத்தில் கருவிகள் மூன்று பொதுச் சேனல்களில் மாறி மாறிப் பேசும், வேகத்தையும் தூரத்துக்குத் தகுந்தபடி மாற்றும். ஒற்றைச் சேனல் பெட்டி ஒரு சேனலில் ஒரு வேகத்தை மட்டும்தான் கேட்கும், அதனால் மூன்றில் இரண்டு தகவல் காற்றோடு போய்விடும். சோதனைக்கு அது பரவாயில்லை, ஊருக்கு ஆகாது. எட்டுச் சேனல் வரை எல்லா வேகத்தையும் ஒரே நேரத்தில் கேட்கும் கான்சன்ட்ரேட்டர் போர்டு வாங்கித்தான் ஆக வேண்டும், செலவில் பாதிக்கு மேல் அதற்கே போகிறது. அந்த போர்டு, ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி, ஆண்டெனா, மழை புகாத பெட்டி, 12 வோல்ட் பேட்டரி, சின்ன சோலார் பேனல் எல்லாம் சேர்த்து எங்களுக்கு இருபதாயிரத்துக்குள் முடிந்தது. வரும் தகவலை வாங்கிச் சேர்க்கும் சர்வருக்கான மென்பொருள் சிர்ப்ஸ்டாக், அது இலவசம்.

ஆண்டெனாவில் நான் ஏமாந்தேன். கடையில் கொடுத்தது அமெரிக்காவுக்கான 915 மெகாஹெர்ட்ஸ் சரக்கு, பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். 865-க்கு உரியதா, தொலைத்தொடர்புத் துறை ஒப்புதல் உள்ள மாட்யூலா என்று கேட்டு வாங்குங்கள். இன்னொன்று உயரம். எங்கள் பக்கம் தரை தட்டையாகக் கிடப்பது பெரிய வரம், ஆனால் சீமைக்கருவேலங்காடு சிக்னலைக் குடித்துவிடுகிறது. வீட்டு மொட்டை மாடியில் வைத்தபோது இரண்டு கிலோமீட்டரே திணறியது, அதே ஆண்டெனாவை இருபதடி ஜி.ஐ. பைப்பில் தூக்கி நிறுத்தியதும் ஆறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கண்மாய் தெளிவாக வந்தது. உயரத்தில் வைத்தால் இடி பயமும் கூடவே வரும். மின்னல் தாக்கத்தைத் தடுக்கும் சர்ஜ் அரெஸ்டர் போட்டு, கரியும் உப்பும் கொட்டிக் குழி தோண்டி எர்த் கொடுக்காமல் யாரும் இதைச் செய்யக் கூடாது.

மடையில் வைத்த கருவி அதிக விலையில்லை. பிவிசி குழாய்க்குள் தண்ணீரைப் பார்த்தபடி ஒலி அலையால் தூரத்தை அளக்கும் ஒரு அல்ட்ராசோனிக் சென்சார், ரேடியோ மாட்யூல், பேட்டரி, மொத்தம் இரண்டாயிரத்து ஐநூறு. குழாய்க்குள் குளவி கூடு கட்டி, கோடையில் கண்மாய் நிரம்பிவிட்டதாக ஒரு நாள் தகவல் வந்தது. இப்போது வாயில் வலை கட்டியிருக்கிறோம்.

இப்படிச் செய்தது நாங்கள் முதல் ஆள் இல்லை. 2015-இல் ஆம்ஸ்டர்டாமில் தி திங்ஸ் நெட்வொர்க் என்ற பெயரில் தன்னார்வலர்கள் கூடி, பத்து கேட்வேக்களை வைத்து ஆறு வாரத்தில் நகரத்தையே இந்த வலைக்குள் கொண்டுவந்தார்கள். கால்வாயில் கட்டிய படகில் மழைத்தண்ணீர் ஏறினால் சொல்லும் கருவிதான் அவர்களுடைய முதல் பயன்பாடுகளில் ஒன்று. கேட்வே ஆயிரம் யூரோ விற்ற அந்தக் காலத்தில் சுமார் இருநூறு யூரோவுக்கு ஒன்று செய்ய, பொதுமக்களிடமே பணமும் திரட்டினார்கள். யார் வைத்த கேட்வேயையும் யாருடைய கருவியும் பயன்படுத்தலாம் என்பதுதான் அங்கே விதி. தகவல் கருவியிலேயே பூட்டப்பட்டு வருவதால் மாடி கொடுத்தவர் அதைப் படிக்க முடியாது. இரண்டு கேட்வே ஒரே தகவலைக் கேட்டாலும் சர்வர் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளும், ஒன்று கெட்டால் மற்றது தாங்கும்.

பொதுச் சொத்து என்றால் கட்டுப்பாடும் வேண்டும். அந்த வலையில் ஒரு கருவி ஒரு நாளைக்கு 30 நொடிதான் பேசலாம். கேட்வேக்குப் பக்கத்தில் இருக்கும் கருவி ஒரு சின்னத் தகவலை 50 மில்லி நொடியில் சொல்லிவிடும், எட்டத்தில் இருப்பது மெதுவாகப் பேசுவதால் அதே தகவலுக்கு ஒன்றேகால் நொடிக்கு மேல் ஆகும், அப்படியானால் நாளுக்கு இருபது சொச்சம் முறை. கண்மாய்க்கு அதுவே தாராளம். கேமரா படம் அனுப்பலாமா என்று கேட்கிறார்கள், முடியாது.

நான் கேட்பது இதைத்தான். தமிழ்நாட்டில் 39 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. டான்ஃபிநெட் திட்டத்தில் 12,525 ஊராட்சிகளுக்கும் இணையத்துக்கான கண்ணாடி இழைக் கேபிள் என்று அரசு வேலை எடுத்திருக்கிறது. அந்தக் கேபிள் வந்து சேரும் கட்டடத்தின் மாடியில் ஒரு பைப் நடவும், மேல்நிலைத் தொட்டியில் ஒரு பெட்டி மாட்டவும் ஊராட்சிக்கு அனுமதி கொடுங்கள். டெண்டர் விடுவதாக இருந்தால் கேட்வே எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும், சர்வரின் சாவி ஊராட்சியிடம் இருக்க வேண்டும் என்று இரண்டு வரி அதில் சேருங்கள். பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கு இதையே இறுதியாண்டு புராஜெக்டாகக் கொடுக்கலாம். நான் என் மாடிக்காக மூன்று பேரிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை, அது என் வீடு. ஊராட்சி அலுவலக மாடிக்கு மனு கொடுத்து எட்டு மாதம் ஆகிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் அந்த அனுமதி கிடைத்தால் மீதி இரண்டு கண்மாய்க்கும் கருவி தயாராக வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மானாமதுரை வட்டம், சிவகங்கை மாவட்டம்