கோடியக்கரையில் ஆவணி, புரட்டாசியையும் பறவைப் பருவமாகக் கொள்ள வேண்டி அளிக்கும் கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
வேதாரண்யம், நாகப்பட்டினம் மாவட்டம்.

பெறுநர்:
வன உயிரினக் காப்பாளர் அவர்கள்,
நாகப்பட்டினம்.

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: கோடியக்கரை சரணாலயம் – முனியப்பன் ஏரிப் பகுதி – ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் வலசை வரும் கரைப்பறவைகளுக்கு வாகனங்களாலும் நாய்களாலும் இடையூறு – தடுப்பு நடவடிக்கையும் கணக்கெடுப்பும் வேண்டுதல் – தொடர்பாக.

வணக்கம். பணி ஓய்வுக்குப் பின் ஒவ்வோர் ஆண்டும் ஆடி பிறந்ததிலிருந்து, வாரத்துக்கு இரண்டு நாளாவது விடியற்காலையில் முனியப்பன் ஏரிப் பக்கம் சென்று பறவைகளைப் பார்த்துக் குறித்து வைப்பதை வழக்கமாகக் கொண்டுள்ளேன். வழியில் டீக்கடையில் நிறுத்தினால், "இப்ப அங்க என்ன சார் இருக்கு, மார்கழியில வாங்க" என்றுதான் சொல்வார்கள். பூநாரைக் கூட்டத்தைக் காண வருவோருக்கு அது சரியான யோசனைதான். ஆனால் கரைப்பறவைகளைப் பொறுத்தவரை அது தவறு என்பதும், அந்த எண்ணத்தாலேயே அவை வந்திறங்கும் வாரங்களில் அந்தச் சேற்றுவெளி கேட்பாரற்றுக் கிடக்கிறது என்பதுமே நான் தங்கள் முன் வைக்க விரும்பும் செய்தி.

கச்சான் எனப்படும் மேல்காற்று அடங்குவதற்கு முன்பே, ஆகஸ்ட் மாதத்திலேயே, வடகோடிச் சைபீரியாவில் குஞ்சு பொரித்து முடித்த கர்லூ சாண்ட்பைப்பர் என்னும் உள்ளான் வகை இங்கு வந்துவிடுகிறது. முதலில் வருபவை வளர்ந்த பறவைகள். அந்த ஆண்டுப் பிறந்த இளம் பறவைகள் அவற்றுக்குப் பின்னால்தான் வந்து சேரும். மார்கழியில் பார்த்தால் வெறும் சாம்பலும் வெள்ளையுமாகத் தெரியும் இப்பறவையின் மார்பிலும் வயிற்றிலும், ஆவணியில், மழையில் ஊறிய பழைய செங்கல்லைப் போன்ற சிவப்பு திட்டுத்திட்டாக எஞ்சி நிற்கும். சென்ற மாதம் முப்பதடித் தொலைவில் நின்ற ஒன்றைத் தொலைநோக்கி வழியே பார்த்தபோது, கீழ்நோக்கி வளைந்த அதன் அலகு கண் வரை சேற்றில் புதைந்து புதைந்து எழுவதும், அது நடந்த தடம் நெடுகிலும் ஊசியால் குத்தியதுபோல் துளைகள் வரிசையாக விழுந்திருப்பதும் தெளிவாகத் தெரிந்தன. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து உடல் இளைத்து வரும் பறவை, பழைய சிறகுகளை உதிர்த்துப் புதியவற்றை வளர்க்கவும் வேண்டியிருப்பதால், இந்த வாரங்களில் நாள் முழுதும் தின்றாக வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் வேதாரண்யம் சதுப்பின் பெரும்பகுதி வறண்டு கிடக்க, ஈரம் மிஞ்சியிருக்கும் சில இடங்களிலும் உப்பளங்களை ஒட்டிய தண்ணீரிலுமே இவை அனைத்தும் நெருக்கியடித்துக் கொண்டு இரை தேடுகின்றன என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

அந்த ஈரத்திட்டில்தான் இருசக்கர வாகனங்கள் புகுகின்றன. அதைச் சுற்றிக் காய்ந்த சேறு பார்வைக்கு மைதானம்போல் இருப்பதால் வண்டியோட்ட ஆசைப்படுகிறார்கள். சிலர் பறவைகள் எழும்பும் படம் வேண்டும் என்பதற்காகவே கைதட்டி விரட்டுகிறார்கள்; பின்னாலேயே நாய்கள் வருகின்றன. ஒரே காலையில் ஒரே கூட்டம் நான்கு முறை எழுந்து சுற்றி இறங்கியதை நானே எண்ணியிருக்கிறேன். அதைவிட வருத்தமான ஒன்றையும் சொல்ல வேண்டும். இங்கேயே தங்கி இனப்பெருக்கம் செய்யும் உப்புக்கொத்தி என்னும் சிறிய கரைப்பறவை, 2023-ஆம் ஆண்டு ஆய்வில் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய தனி இனமாக, 'அனுமன் உப்புக்கொத்தி' என்ற பொருள்படும் பெயருடன், அடையாளம் காணப்பட்டது. கோடையில் வெட்டவெளி மண்ணில் லேசாகப் பள்ளம் பறித்து முட்டையிடும் இப்பறவையின் கூடு ஒன்றை இந்த ஆடியில் கண்டேன். புள்ளியிட்ட மூன்று முட்டைகள், கூழாங்கற்களோடு கலந்து கண்ணுக்கே அகப்படாதவை. அடுத்த வாரம் சென்றபோது அந்தப் பள்ளத்தின் மேல் டயர்த்தடம் ஓடியிருந்தது. ஓட்டியவருக்கு அங்கே கூடு இருந்ததே தெரிந்திருக்காது என்பதால் அவரைக் குறைகூற எனக்கு மனமில்லை.

1967-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2002-இல் தமிழ்நாட்டின் முதல் ராம்சர் தலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகச் சேர்க்கப்பட்ட 38,500 ஹெக்டேர் பரப்பின் ஒரு பகுதி இது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2024 அக்டோபரில் வெளியிட்ட, உயிரினங்களின் அழிவு அபாயத்தை வகைப்படுத்தும் சிவப்புப் பட்டியலில் 16 கரைப்பறவை இனங்களின் நிலை முன்னிலும் மோசமானதாகத் திருத்தப்பட்டது. மேலே சொன்ன கர்லூ சாண்ட்பைப்பரும், இங்கு வரும் சாம்பல் உப்புக்கொத்தியும் அவற்றுள் அடங்கும். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972, சரணாலயத்துக்குள் நுழைவதை 27, 28-ஆம் பிரிவுகளால் ஒழுங்குபடுத்துவதோடு, பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதையும் கூட்டைக் கலைப்பதையும் 'வேட்டை' என்ற சொல்லின் பொருளுக்குள்ளேயே அடக்குகிறது என்பதைத் தாங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள்.

ஆகவே, ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை முனியப்பன் ஏரிச் சேற்றுவெளிக்குள் வாகனம் இறங்க முடியாதபடி பாதையோரம் மரக்கம்புகளோ கல்தூண்களோ நடவும், காலை, மாலை இரு வேளையும் வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் அங்கு சுற்றி வரவும், நாய்கள் குறித்து உள்ளாட்சி அமைப்பு மூலம் நடவடிக்கை எடுக்கவும் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். பார்வையாளர்களைத் தடுத்துவிட வேண்டும் என்பது என் கோரிக்கை அல்ல. நானும் ஒரு பார்வையாளன்தானே. கரையிலிருந்து போதிய தொலைவில் பனையோலைத் தட்டி மறைப்பு ஒன்று அமைத்து, எந்த மாதத்தில் எந்தப் பறவை வரும் என்பதைத் தமிழ்ப் பெயர்களோடு எழுதிய பலகை ஒன்றும் வைத்தால், மறைந்து நின்று பார்ப்பதில் உள்ள இன்பத்தை மாணவர்களும் அறிவார்கள். ஜனவரிக் கணக்கெடுப்போடு நில்லாமல் ஆகஸ்ட் கடைசியிலும் ஒரு நாள் கணக்கெடுப்பு நடத்த வேண்டும் என்பது இவை எல்லாவற்றிலும் எனக்கு முதன்மையாகப் படுகிறது. கணக்கில் வராத பறவைக்காகக் காவலர் ஒருவரை அனுப்பச் சொல்லி எந்தக் கோப்பும் நகராது.

அக்கணக்கெடுப்புக்கு நானும், என்னிடம் படித்து இப்போது உப்பளங்களில் வேலை பார்க்கும் இளைஞர் சிலரும் ஊதியமின்றி உதவ அணியமாக உள்ளோம். ஆண்டுவாரியாக நான் குறித்து வைத்துள்ள நோட்டுகளைத் தாங்கள் அழைக்கும் நாளில் நேரில் கொண்டுவந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இடம்: வேதாரண்யம்