டீசல் காரைப் பற்றி நீ கேட்டதற்கு

அன்பு மகளுக்கு,

நீ பார்த்து வைத்திருக்கும் பழைய டீசல் காரின் படங்கள் கிடைத்தன. "டீசல் இன்ஜின் பெட்ரோலைவிட இரண்டு மடங்கு உழைக்குமாம், செலவும் குறைவாம்" என்று எழுதியிருக்கிறாய். அப்பாவிடம் கேட்டால் ஆமாம் என்பார். அவர் இன்ஜினைப் பிரித்துப் பூட்டியவர். பட்டறையில் உட்கார்ந்து பில் போட்டவள் நான். என் பதில் கொஞ்சம் வேறாகத்தான் இருக்கும்.

டீசலுக்கு உழைப்பாளி என்ற பெயர் சும்மா வரவில்லை. பெட்ரோல் இன்ஜினில் காற்றும் எரிபொருளும் கலந்து, சுமார் 10-இல் ஒரு பங்காக அழுத்தப்பட்டு, பிளக்கின் பொறியில் எரிகின்றன. டீசலில் பொறி வைக்கும் பிளக்கே கிடையாது. காற்றை 16, 18-இல் ஒரு பங்காக நசுக்கும்போது எழும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. அந்த அடியைத் தாங்குவதற்காக பிளாக், கிராங்க், பேரிங் எல்லாவற்றையும் கனமாகச் செய்தாக வேண்டும். பெட்ரோல் இன்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்றைத் தாண்டும். கார் டீசல் பெரும்பாலும் 5,000-க்குள் அடங்கிவிடும். சுற்று குறைந்தால் தேய்மானமும் குறைவு. போதாததற்கு டீசலில் எண்ணெய்ப்பசை உண்டு. பெட்ரோலோ, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது சிலிண்டர் சுவரில் படிந்த ஆயிலைக் கழுவிவிடும்.

இவ்வளவும் உண்மை. ஆனால் இன்றைய டீசல் காரில் பெரிய பில் வருவது அந்த இரும்பால் அல்ல, அதைச் சுற்றி மாட்டியிருப்பவற்றால். எரிபொருளைச் சிலிண்டருக்குத் தெளிக்கும் இன்ஜெக்டரை எடுத்துக்கொள். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து எரிபொருள் போகும் காமன் ரெயில் டீசலில், அது 2,000 பார் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு) அளவு அழுத்தத்தில், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அகலமே உள்ள துளைகள் வழியாகப் பாய்கிறது. சாதாரண பெட்ரோல் இன்ஜெக்டருக்கு மூன்று, நான்கு பார் போதும். டீசலில் கொஞ்சம் தண்ணீரோ தூசியோ கலந்தால் பம்ப்பும் இன்ஜெக்டர்களும் சேர்ந்தே போகும். அதனால்தான் டீசல் ஃபில்டரைத் தள்ளிப்போடக் கூடாது என்று அப்பா எல்லோரிடமும் கத்துவார். பிறகு இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போ, புகையை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் வால்வு, அதிர்வைத் தாங்கும் இரட்டை ஃப்ளைவீல் என்று வரிசை நீளும். பெட்ரோல் காரில் பிளக், காயில் என்று சில்லறைச் செலவில் முடிகிற வேலைக்கு இங்கே தனிப் பட்ஜெட் போட வேண்டும்.

எனக்குப் பெரிய கவலை புகைக்குழாயில் இருக்கும் கரி வடிகட்டிதான். டீசல் கரியை அது பிடித்து வைத்து, 600 டிகிரிக்கு அருகில் சூடேறும்போது எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு இன்ஜின் சூடேறி, நெடுஞ்சாலை வேகத்தில் கால் மணி நேரமாவது ஓட வேண்டும். உன் அலுவலகமோ பத்து நிமிடத் தூரம். இன்ஜின் சூடேறும் முன்பே நீ சாவியை எடுத்துவிடுவாய். கரி எரியாமல் அடைக்கும்; எரிக்கும் வேலை பாதியில் நின்றுபோவதால், அதற்காகக் கூடுதலாகத் தெளிக்கப்படும் டீசல் இன்ஜின் ஆயிலில் இறங்கி அதை நீர்க்கச் செய்யும். நீர்த்த ஆயில் முதலில் காவு வாங்குவது டர்போவை. நூறு வயது வாழும் என்று வாங்கிய இன்ஜினை இப்படி ஓட்டினால் அதற்கு ஆயுள் ஏது?

நீண்ட ஆயுள் என்றால் டீசல்தான் என்ற பேச்சுக்கும் ஒரு பதில் உண்டு. கிரேக்க நாட்டு டாக்சி ஓட்டுநர் ஒருவரின் மெர்சிடிஸ் 240டி, 46 லட்சம் கிலோமீட்டர் ஓடி அந்நிறுவனத்தின் அருங்காட்சியகத்துக்குப் போனது. இன்ஜினைப் பலமுறை மாற்றித்தான். ஆனால் அமெரிக்காவின் இர்வ் கார்டன் 1966-இல் வாங்கிய வோல்வோ பி1800, 2013-இல் 30 லட்சம் மைலைத் தொட்டது, அதாவது 48 லட்சம் கிலோமீட்டர். அது பெட்ரோல் கார்! அந்த இன்ஜினும் இடையில் பிரித்துப் பூட்டியதுதான். இரண்டுமே சூடு ஆறாமல் நெடுந்தூரம் ஓடிய வண்டிகள் என்பதைக் கவனி.

பெட்ரோலுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோல் தெளிக்கும் புதிய வகைகளில் உள்ளிழுக்கும் வால்வில் கரி படியும்; டர்போவும் சேர்ந்தால் செலவில் டீசலை நெருங்கிவிடும். உனக்குத் தேவை டர்போ இல்லாத, எளிய பெட்ரோல் இன்ஜின். டீசல் லிட்டருக்குக் கூடுதல் தூரம் தருவது நிஜம். ஆண்டு முழுக்க நெடுஞ்சாலையில் ஓடுபவருக்கு அந்த மிச்சமே பராமரிப்புச் செலவையும் கட்டிவிடும். உன் ஓட்டத்துக்கு அது ஒரு இன்ஜெக்டருக்குக்கூடக் காணாது.

இதையெல்லாம் படித்தபின்னும் அந்த டீசல்தான் வேண்டுமென்றால், முன்பணம் கொடுக்குமுன் காலையில் போய்ப் பார். நீ வரும் முன் ஸ்டார்ட் செய்து வைக்கக் கூடாது என்று சொல்லிவிடு. குளிர்ந்த இன்ஜின்தான் உண்மை பேசும். வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் தளர்த்திப் பார், புகை அடித்துக்கொண்டு வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. கரி வடிகட்டியை வெட்டி எறிந்துவிட்டு வெறும் குழாயைப் பூட்டி விற்பவர்களும் உண்டு, தெரிந்த மெக்கானிக் ஒருவரை அடியில் குனிந்து பார்க்கச் சொல். சர்வீஸ் பில்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. அப்பாவுக்கு வேண்டாம், அவர் இன்ஜின் சத்தத்தைக் கேட்டே மயங்கிவிடுவார்.

அன்புடன்,
அம்மா