பாப்பாவுக்கு, எட்டாவது ஹர்டில் பற்றி

பாப்பா,

நீ அனுப்பின வீடியோ வந்தது. ஓடி முடித்த ராத்திரியே எந்த ஹர்டிலில் என்ன ஆச்சு என்று ஒரு பக்கத்துக்கு எழுதுகிறவள், இந்த முறை 400 மீட்டர் ஹர்டிலுக்கு 61.4 நொடி என்று நேரத்தை மட்டும் போட்டிருக்கிறாய். களைப்பாக இருந்திருக்கும், சரி. நம் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வீடியோவை மெதுவாக ஓடவிட்டு நானே எண்ணினேன்.

முதல் ஹர்டில் வரைக்கும் குறையே இல்லை. 45 மீட்டருக்கு 23 ஸ்டெப், தாண்டிக் கால் தரையில் படும்போது 6.6 நொடி. நீ 58.9 ஓடின அன்றைக்கும் இதே 6.6தான். ஐந்தாவது வரை ஒவ்வொரு இடைவெளிக்கும் பதினைந்து ஸ்டெப், தலை ஆடவில்லை, கட்டைக்கு மேலே மிதக்கவில்லை. எதிர்ப்பக்க நேர் ட்ராக்கில் நீ போகிற அழகை அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். அந்த வேகத்தில் 35 மீட்டரைப் பதினைந்தில் முடிக்க, ஒரு ஸ்டெப்புக்கு இரண்டு மீட்டருக்கு மேல் வேண்டும். அது உனக்குச் சும்மா வந்ததில்லை என்று எனக்குத் தெரியும்.

ஆறாவதில்தான் விஷயம் இருக்கிறது. பதினாறு வைத்து, வலது காலை முன்னால் போட்டுத் தாண்டியிருக்கிறாய். ஏழாவதற்குப் பதினேழு, மறுபடியும் வலது. எட்டாவதற்கு முன்னால் இரண்டு குட்டி ஸ்டெப் போட்டு, கிட்டத்தட்ட நின்றே தாண்டியிருக்கிறாய். 220, 255, 290 மீட்டரில் இருக்கிற இந்த மூன்றுமே வளைவில் வருகிறவை. வளைவில் இடது காலை முன்னால் போடுகிறவளுக்குத்தான் லாபம். வலதைப் போட்டால் பின்னால் வருகிற இடது கால் ஹர்டிலுக்கு வெளியே, மேல்கட்டைக்குக் கீழே தொங்கிவிடும். நடுவர் கவனித்தால் உன்னைத் தகுதிநீக்கம் செய்துவிடுவார். இது உனக்குத் தெரியாததா? நேர் ட்ராக் முழுக்க இடதைப் போட்டவள், இடது தேவைப்படுகிற இடத்தில் மட்டும் மாற்றியிருக்கிறாய் என்றால் அது ஸ்டெப் தப்பினதால் இல்லை. முன்னால் போடுகிற கால்தான் முதலில் தரையில் இறங்கும்; இடது காலில் இறங்க உடம்பு மறுத்திருக்கிறது.

நேரத்தையும் பார்த்தேன். 58.9 அன்றைக்கு ஏழிலிருந்து எட்டுக்கு 5.3, எட்டிலிருந்து ஒன்பதுக்கு 5.4. இப்போது 5.9, 6.0. ஆரம்பம் அதே வேகம், கடைசியில் மட்டும் இப்படிச் சரிகிறது. பயிற்சி குறைந்தால் எல்லா இடைவெளியும் கொஞ்சம் கொஞ்சமாக நீளும். இது வேறு மாதிரி. காற்றைக் காரணம் சொல்லாதே, பின்னால் தெரிகிற கொடி அசையவே இல்லை.

அதனால் ஒன்று செய். உட்கார்ந்து, இடது முழங்காலுக்குக் கீழே முன் எலும்பின் உள்ஓரமாக ஒரே ஒரு விரலை வைத்து, மேலிருந்து கணுக்கால் வரை அழுத்திக்கொண்டே வா. உள்ளங்கை நீளத்துக்குப் பரவலாக வலித்தால், ஓட ஆரம்பிக்கும்போது வலித்து சூடேறினதும் அடங்கினால், அது எலும்பை ஒட்டின சவ்வு, தசையின் வலியாக இருக்கலாம். பளுவைக் குறைத்தால் சரியாகும். ஒரு விரல் மூடுகிற அளவு இடத்தில் மட்டும் சுள்ளென்று வலித்தால், ஓட ஓடக் கூடினால், படுத்திருக்கும்போதும் ராத்திரியிலும் விண்விண் என்றால், எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம். முன்பக்க விளிம்பிலேயே அந்தப் புள்ளி இருந்தால் இன்னும் மோசம், அந்த இடம் லேசில் ஆறாது. எக்ஸ்ரே எடுத்து ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என்று திரும்பி வராதே. முதல் இரண்டு மூன்று வாரத்துக்கு எக்ஸ்ரேயில் கீறல் பெரும்பாலும் தெரியாது, எம்ஆர்ஐயில்தான் தெரியும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடாதே. மாத்திரை வலியைத்தான் மறைக்கும், கீறல் அடியில் நீண்டுகொண்டே போகும். யாராவது ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டு ஓடிவிடலாம் என்றால் அந்தப் பக்கமே போகாதே. 2022-லிருந்து போட்டி நேரத்தில் எந்த வழியாக அந்த ஊசி போட்டாலும் ஊக்கமருந்துக் குற்றம்.

ஷூவையும் பார். மேசை மேல் வைத்து, குதிகால் பக்கமிருந்து உன் கண் மட்டத்தில் பார். உள்பக்கமாகச் சாய்ந்திருந்தால், நடு அடுக்கு நுரையில் சுருக்கம் விழுந்து கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்காமல் இருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. பயிற்சி ஷூ 500 முதல் 800 கிலோமீட்டர் வரைதான் தாங்கும், உன்னுடையது நம் நோட்டுக் கணக்கில் 900-ஐத் தாண்டிவிட்டது. மேல்பக்கம் புதிதாக இருக்கிறதே என்று நீ ஓட்டிக்கொண்டிருப்பாய். நனைந்தால் காகிதம் திணித்து நிழலில் காயவை, வெயிலில் வைத்தால் பசை விட்டுவிடும். புது ஜோடிக்கு நான் ஏற்பாடு செய்கிறேன், அதைப் பற்றி நீ யோசிக்க வேண்டாம்.

ஆனால் ஷூ மட்டும் இப்படிச் செய்யாது. வீடியோவில் உன் கையைப் பார்த்தேன், பாப்பா. தோளுக்குக் கீழே சட்டை ஆடுகிறது. நன்றாகச் சாப்பிடு.

கணக்காகவே சொல்கிறேன், கணக்கு சொன்னால்தான் நீ கேட்பாய். 50 கிலோவில் கொழுப்பைக் கழித்தால் உனக்கு 40 கிலோ வரும். உடம்பு ஒழுங்காக நடக்க, பயிற்சிக்குச் செலவானது போக, அந்த ஒவ்வொரு கிலோவுக்கும் நாளைக்கு 45 கிலோகலோரி மிஞ்ச வேண்டும். அது 1800. பயிற்சிக்கு 600 என்று வைத்தால் மொத்தம் 2400. மிஞ்சுவது கிலோவுக்கு 30-க்குக் கீழே போனால், அதாவது நீ சாப்பிடுவது 1800-க்குக் கீழே போனால், உடம்பு வேலைகளை நிறுத்த ஆரம்பிக்கும். ஒருவேளைச் சாப்பாட்டை விட்டாலே இந்த 600 போய்விடும். இதயமும் மூளையும் ஓட வேண்டுமே என்று உடம்பு மற்றதைத்தான் முதலில் நிறுத்தும், ஓட்டத்தை உடனே நிறுத்தாது. அதனால்தான் ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது. எடை குறைந்து லேசாகிவிட்டோம் என்றுகூடத் தோன்றும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் இதற்கு ரெட்-எஸ் (விளையாட்டில் சக்திப் பற்றாக்குறை) என்று பெயர் வைத்து, விளையாட்டு மருத்துவர்கள் எல்லாரும் கவனிக்கச் சொல்லியிருக்கிறது. சோம்பல் இல்லை, மனத்திடம் இல்லாததும் இல்லை, சாப்பாடு போதாதது.

இதில் நான் உன்னிடம் கேட்க முடியாத ஒன்று இருக்கிறது. சமையலறைக் காலண்டரில் அம்மா மாதாமாதம் போடுகிற புள்ளியைப் பற்றி நான் எதுவும் கேட்க மாட்டேன். மூன்று மாதமாகப் புள்ளி இல்லை என்பது மட்டும் என் கண்ணில் பட்டது. நீ அம்மாவிடம் சொல்ல மறந்திருக்கலாம். மறக்கவில்லை என்றால், மூன்று மாதம் என்பது டாக்டரிடம் போயே ஆக வேண்டிய கணக்கு. பயிற்சி கடுமையாக இருந்தால் அப்படித்தான் இருக்கும் என்று கூட இருக்கிற பெண்கள் சொல்வார்கள், கேட்காதே. அது நின்றால் ஈஸ்ட்ரோஜன் குறையும். ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு தினமும் தன்னைச் சரிசெய்துகொள்கிற வேலை பின்தங்கும். பிறகு ஒவ்வொரு ஹர்டிலிலும் இறங்குகிற கால்தான் அதற்கு விலை கொடுக்கும். காலும் அதுவும் உனக்கு இரண்டு தனி விஷயம் இல்லை என்றுதான் நினைக்கிறேன். டாக்டரிடம் இரண்டையும் சேர்த்துச் சொல். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துவிட்டு அனுப்பினால் போதாது, இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டுகிற ஃபெரிட்டினும் வைட்டமின் டியும் கேள். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே அந்த இருப்பு காலியாகியிருக்கலாம். பார்க்காமல் நீயாக இரும்பு மாத்திரை வாங்கிப் போடாதே. எழுதிக்கொடுத்தால், சாப்பிடுகிற நேரத்துக்குப் பக்கத்தில் டீ குடிக்காதே. யாராவது மலிவாகப் புரோட்டீன் பவுடர் தருகிறேன் என்றால் வேண்டாம். அதில் என்ன கலந்திருந்தாலும், தெரியாமல் சாப்பிட்டாலும், ஊக்கமருந்துச் சோதனை மாதிரியில் வந்தால் பொறுப்பு உன்னுடையதுதான். பவுடர் வேண்டாம், சாப்பாடு போதும். சாப்பிடு.

இவ்வளவும் எழுதிவிட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் மடிக்கப் பார்க்கிறேன்.

நீ மாதாமாதம் அனுப்புகிற பணம் பரிசுப் பணம் இல்லை. அந்த மூன்று மாதத்தில் உனக்குப் போட்டியே கிடையாது, உன் போட்டித் தேதி எல்லாம் என் நோட்டில்தான் இருக்கிறது. முதல் மாதம் பணம் வந்த அன்றைக்கே நோட்டைத் திறந்து பார்த்தேன். உனக்குச் சாப்பாட்டுக்கு என்று தருகிற டயட் பணத்தைத்தான் அனுப்புகிறாய், ராத்திரிச் சாப்பாட்டை விட்டிருக்கிறாய் என்று அன்றைக்கே புரிந்தது. புரிந்தும் வாங்கினேன். வட்டிக்குக் கட்டினேன். அம்மா கேட்டபோது, பாப்பா ஜெயித்த காசு என்று நானும் சொன்னேன். அவள் சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்துக்கொடுத்தாள். இரண்டாவது மாதமும் வாங்கினேன், மூன்றாவது மாதமும். உன் ஸ்டெப்பை எல்லாம் எண்ணத் தெரிந்த எனக்கு, அந்தக் காசு எந்தத் தட்டிலிருந்து வந்தது என்று எண்ணத் தெரியாமல் இல்லை. அடுத்த மாதம் நிறுத்தச் சொல்லலாம், அடுத்த மாதம் சொல்லலாம் என்று தள்ளினேன். உன் கால் வலிக்கு நான்தான் காரணம். ஷூவைப் பற்றி ஒரு பத்தி எழுதினேனே, அது இதைத் தள்ளிப்போடத்தான்.

இனிமேல் பணம் அனுப்பாதே. அனுப்பினால் அதே நாள் திருப்பிப் போடுவேன். கடன்காரரிடம் நானே போய்ப் பேசி, இரண்டு தவணை தள்ளி வாங்கிவிட்டேன். மூன்று மாதம் முன்னால் பேசியிருந்தாலும் இதே பதில்தான் கிடைத்திருக்கும். அம்மாவிடம் இன்றைக்கு ராத்திரி உண்மையைச் சொல்லப் போகிறேன்.

கோச்சிடம் நாளைக்கே சொல்லிவிடு. மறைத்து ஓடிப் போட்டி நடுவில் விழுவதைவிட இது நல்லது. ஸ்காலர்ஷிப் போய்விடும் என்று பயந்துதான் மறைக்கிறாய் என்றால், கையெழுத்துப் போட்ட விதிமுறைத் தாளில் காயம் என்கிற பகுதியை ஒரு தடவை முழுசாகப் படி. எத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், யாருடைய சான்றிதழ் வேண்டும் என்று பார். டாக்டர் சீட்டில் தேதி இருக்கட்டும், அசலை நீ வைத்துக்கொண்டு நகலைக் கொடு. ஸ்கேனுக்குக் கட்டின ரசீதையும் தூக்கிப் போடாதே.

கீறலாகவே இருந்தாலும் உள்பக்க ஓரத்தில் என்றால் பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரம். அந்த நாளில் மூச்சுத்திறன் போய்விடும் என்று தவிப்பாய். டாக்டர் சரி என்றால், இடுப்பில் மிதவை பெல்ட் கட்டி ஆழமான தண்ணீரில், கால் தரையைத் தொடாமல் ஓடு. ட்ராக்கில் போடுகிற அதே இடைவெளிப் பயிற்சியை நிமிடக் கணக்கில் அங்கே போடலாம். திரும்பி ஓட ஆரம்பிக்கும்போது முதலில் நடை, பிறகு ஒரு நிமிடம் ஓட்டம் ஒரு நிமிடம் நடை. ஹர்டில் கடைசியில்தான். அன்றைக்கு வலித்தாலோ மறுநாள் காலையில் அந்தப் புள்ளி வலித்தாலோ ஒரு படி பின்னால் போ.

பி.டி. உஷா 1984 ஒலிம்பிக்கில் ஓடின 55.42-ஐ அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் எழுதி ஒட்டினாயே, அது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. நூறில் ஒரு பங்கு நொடியில் அவருக்கு வெண்கலம் போனது. உனக்கும் அந்த நேரத்துக்கும் நடுவே மூன்றரை நொடி இருக்கிறது. ஐந்தாவது வரை வைக்கிற பதினைந்தை ஏழாவது வரை, பிறகு எட்டாவது வரை கொண்டுபோகப் போகப் பாதி அங்கேயே குறையும் என்று நான் நம்புகிறேன். வயிறு நிறையாமல் அந்தப் பதினைந்து ஸ்டெப் வராது. ராத்திரிச் சாப்பாட்டை விடாதே.

காலையில் எழுந்ததும், தரையில் கால் வைக்கும் முன்னால் அந்த விரல் சோதனையைச் செய். அம்மாவுக்கு ஃபோன் பண்ணி அவளிடம் சொல்ல வேண்டியதைச் சொல். எனக்கு அந்த இடம் மட்டும் தெரிந்தால் போதும்: உள்ஓரமா, முன் விளிம்பா, கணுக்காலிலிருந்து எத்தனை விரற்கடை மேலே.

அப்பா

பின்குறிப்பு: ஸ்பைக் ஷூவைக் கொஞ்ச நாள் எடுத்துவைக்கும்படி ஆனால், அடியில் இருக்கிற ஊசிகளை அப்படியே விடாதே. சாவியால் எல்லாவற்றையும் கழற்றி, மரையில் இருக்கிற மண்ணைப் பழைய பல் பிரஷ்ஷால் தட்டி, துளி வாசலின் தடவி, கையால் மட்டும் திருகி வை. மறுபடி மாட்டும்போது துருப்பிடித்து இறுகியிருக்கக் கூடாது.