இழுப்பறையில் காகிதத்தை விரிக்கலாம், ஒட்ட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய மேசை, அலமாரி ஆகியவற்றின் இழுப்பறைகளுக்குள் பூப்போட்ட வால்பேப்பரை ஒட்டிப் புதுப்பொலிவு தருவது பற்றித் தங்கள் நாளிதழின் வீட்டுக்குறிப்புப் பகுதியில் அண்மையில் வந்திருந்த கட்டுரையைப் படித்தேன். யோசனை நல்லதுதான். ஆனால் அடிப்பலகையிலும் பக்கப்பலகைகளிலும் பசை தடவிக் காகிதத்தை நிரந்தரமாக ஒட்டிவிடச் சொல்லியிருப்பதை, சேலத்தில் மரச்சாமான்களைப் பழுதுபார்த்து மெருகேற்றும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் என்னால் ஏற்க முடியவில்லை. குறிப்பாக, ஏற்காட்டில் வசிக்கும் வாசகர்கள் அதை அப்படியே பின்பற்றக் கூடாது.

மரம் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கி அகலவாக்கில் உப்பும். ஈரம் குறைந்தால் சுருங்கும். நீளவாக்கில் இந்த மாற்றம் மிகக் குறைவு. இதை நன்கு அறிந்திருந்த பழைய தச்சர்கள் இழுப்பறையின் அடிப்பலகையைப் பசையில்லாமல் காடிக்குள் (பலகையில் வெட்டிய நீளப் பள்ளத்துக்குள்) செருகி, பின்புறம் மட்டும் ஓரிரு ஆணி அடித்து, அது நகர்ந்துகொள்ள இடம் விட்டார்கள். மூலை மடிப்பில் காகிதத்தை ஒட்டி அந்த இடைவெளியை நாம் அடைத்துவிட்டால், முதலில் காகிதம் மடிப்போடு கிழியும். மரப்பசை காடிக்குள் இறங்கி இறுகியிருந்தால் பலகையே வெடிக்கும். ஏற்காட்டில் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் மழையிலும் மூடுபனியிலும் இருந்த ஈட்டி மர மேசை, எஸ்டேட் பங்களா ஒன்றிலிருந்து விலைக்கு வாங்கப்பட்டு, 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்துச் சித்திரை வெயிலுக்கு வந்து சேரும்போது இது அடிக்கடி நடக்கிறது.

ஈரத்தால் வரும் தொல்லை இதோடு முடிவதில்லை. இப்போது கடைகளில் கிடைக்கும் வால்பேப்பர்களில் பெரும்பாலானவை மேலே வினைல் பூச்சு கொண்டவை. துடைக்க வசதியாக இருக்கும் அந்தப் பூச்சு, கீழே சேரும் ஈரத்தை வெளியேற விடுவதில்லை. பட்டறைக்கு வந்த ஓர் இழுப்பறையில், மேலிருந்து பார்க்க நேற்று ஒட்டியதுபோல் இருந்த ரோஜாப்பூக் காகிதத்தை உரித்தபோது, பலகை முழுவதும் மிளகு தெளித்தாற்போல் கரும்பூசணம் படர்ந்திருந்தது. ஓரங்களில் மைதாப் பசையைத் தேடி வந்த இராமபாணப் பூச்சி காகிதத்தை வலைபோல் அரித்து வைத்திருந்தது. பசையில் மயில்துத்தம் கலந்தால் பூச்சி வராது என்பார்கள். புத்தகம் கட்டுவோருக்கு அது சரி. குழந்தைகளின் துணியும் சமையலறைக் கரண்டியும் வைக்கிற இடத்தில் அந்த நஞ்சு எதற்கு?

நான் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லும் முறை எளிது. இழுப்பறையை வெளியே எடுத்து, தூசு தட்டி, நிழலில் காற்றாட விட வேண்டும். உட்புறம் சொரசொரப்பாக இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை மெல்லியதாக ஒரு கை பூசலாம். அடிப்பலகையின் அளவுக்கு முதலில் ஒரு பழைய செய்தித்தாளில் மாதிரி வெட்டிக்கொண்டு, அதன்படி கெட்டி அட்டையை நாற்புறமும் ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) அளவு குறைத்து வெட்ட வேண்டும். வினைல் பூச்சில்லாத காகிதத்தை அந்த அட்டையின் மேல் போர்த்தி, விளிம்புகளை அடியில் மடித்து, மடிப்பில் மட்டும் பசை தடவி, அட்டையை இழுப்பறைக்குள் கிடத்தினால் போதும். பக்கப்பலகைகளை மரமாகவே விட்டுவிடுவது நல்லது. அட்டையின் அடியில் ஒரு வசம்புத் துண்டோ காய்ந்த வேப்பிலையோ போட்டு வைத்து, ஏற்காட்டுக்காரர்கள் மழைக்காலம் முடிந்ததும், சேலத்துக்காரர்கள் போகிக்குச் சுத்தம் செய்யும்போதும், அட்டையை எடுத்து உலர்த்தி மீண்டும் வைக்கலாம். இதற்காக 10 மீட்டர் நீளமுள்ள ஒரு முழுச் சுருளை வாங்க வேண்டியதில்லை. சுவருக்கு ஒட்டியபின் மிஞ்சும் துண்டுகளைக் கடைக்காரர்கள் குறைந்த விலைக்கே தருகிறார்கள்.

செய்தித்தாளையே விரித்தால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. தாங்கள் பொறுத்தருள வேண்டும்: மரக்கூழில் செய்யப்பட்ட அந்தத் தாள் நாளடைவில் பழுப்பேறி, அதிலுள்ள அமிலம் வெள்ளை வேட்டியிலும் பட்டுப்புடவையிலும் கறையாக இறங்கும். வெள்ளிக் கொலுசுக்குப் பேர்போன நம் ஊரில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நகை வைக்கும் இழுப்பறையில் ரப்பர் விரிப்பைப் போடாதீர்கள். அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும்.

ஆங்கிலேயர் காலத்து மேசைகளில் ஏற்கெனவே ஒட்டப்பட்டிருக்கும் காகிதத்தைச் சுரண்டுவோர் கூடுதல் எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் ஷீல் 1775ஆம் ஆண்டில் உருவாக்கிய பச்சை நிறமி ஆர்செனிக் கலந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய வால்பேப்பர்களில் அது ஏராளமாகப் பயன்பட்டது. ஆகவே பழைய பச்சைக் காகிதம் தென்பட்டால் உலர்ந்த நிலையில் சுரண்டித் தூளைக் கிளப்பாமல், கையுறையும் முகக்கவசமும் அணிந்து, நனைத்து எடுக்க வேண்டும்.

பழைய சாமான் விற்போரில் சிலர் இந்தப் புதிய மோகத்தைத் தங்களுக்குச் சாதகமாக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் எனக்குள்ள பெரிய வருத்தம். உளுத்த பலகையின் மேல் அழகான காகிதத்தை ஒட்டிவிட்டால் துளைகள் மறைந்துவிடும், விலையும் ஏறிவிடும். வாங்குவோர் இழுப்பறையை முழுவதுமாக உருவிக் கவிழ்த்து, அடிப்புறத்தைக் கையால் தட்டிப் பார்க்க வேண்டும். மாவு போன்ற புதிய தூள் உதிர்ந்தால் உள்ளே பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பொருள். அதற்கு மருந்து அடித்துத் தீர்க்காமல் எந்தக் காகிதத்தையும் விரிக்கக் கூடாது. தங்கள் வீட்டுக்குறிப்புப் பகுதியில் இந்தத் திருத்தங்களையும் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.