விரிசல் விடாத மணிகள்

காரைக்குடி
சித்திரை

அன்புள்ள விசாலம்,

இங்கே எல்லோரும் சுகம். உனக்கு முழங்கால் எப்படி இருக்கிறது? டாக்டர் சொன்ன ஊசியைப் போட்டுக்கொண்டாயா, இல்லை இன்னும் தைலத்தை வைத்தே காலத்தை ஓட்டுகிறாயா? தினமும் காலையில் ரோஜாப்பூ படம் அனுப்புகிற நேரத்தில் இதை ஒரு வரி எழுதினால் விரல் தேய்ந்துவிடாது.

போனில் சொல்லியிருக்கலாம். நீ பாதியில் குக்கரை இறக்கப் போய்விடுவாய், அப்புறம் உன் சம்பந்தி கதை வந்துவிடும். இது நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம். நம்ம சிகப்பிக்கு மணி வந்துவிட்டது! ஒரு விரிசல்கூட இல்லாமல், சூளைக்குள் போய்த் திரும்பி முழுசாக வந்துவிட்டது. இதைச் சொல்லி ஒருவரிடமாவது சந்தோஷப்படாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. இந்த வீட்டில் யாரிடம் சொல்வது? தம்பி "அப்படியா, நல்லது" என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டான்.

அவள் எம்.எஸ்ஸி. ப்ராஜெக்ட் பற்றிப் பொங்கலுக்கு வந்தபோது உன்னிடம் கொஞ்சம் சொன்னாள். கடுகைவிடச் சின்னதாக, ஜிர்கோனியாவில், அதாவது ஜிர்கோனியம் ஆக்சைடில், உருண்டை மணிகள் செய்வது. அணு உலை எரிபொருளைச் சோல்-ஜெல் முறையில், அதாவது கரைசலைச் சொட்டாக விட்டு உறைய வைத்து, உருண்டையாகச் செய்ய முடியும். கல்லூரி லேபில் யுரேனியத்தையும் புளுட்டோனியத்தையும் தொட முடியாதே, அதனால் அவற்றின் இடத்தில் ஜிர்கோனியம். அம்மாவுக்கு "அணு" என்ற சொல் காதில் விழுந்ததிலிருந்து பயம். பிள்ளை ஏதோ குண்டு செய்கிறது என்று கோயிலூர் வரை போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்துவிட்டார்கள். "அம்மா, உங்கள் கடவாய்ப் பல்லுக்கு மேலே பல் டாக்டர் வெள்ளையாக ஒரு மூடி போட்டாரே, அதே சாமான்தான்" என்று நான் சொன்ன பிறகுதான் அடங்கினார்கள். இப்போது அந்தப் பல்லைப் பற்றித் தெருவெல்லாம் பெருமை.

சரி, நீ வங்கிக்குப் போய் ஆயுளெல்லாம் வட்டி கணக்குப் போட்டவள். கெமிஸ்ட்ரி எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ தெரியாது, முதலிலிருந்தே சொல்கிறேன். ஜிர்கோனைல் நைட்ரேட் கரைசல் ஒரு பக்கம். ஹெக்ஸாமினும் யூரியாவும் கரைத்த கரைசல் இன்னொரு பக்கம். இரண்டையும் ஐஸில் வைத்து நன்றாகக் குளிர வைத்த பிறகுதான் கலக்க வேண்டும். குளிரில் கலவை பேசாமல் இருக்கும். அதை ஊசி முனை வழியாகச் சொட்டுச் சொட்டாக, 90 டிகிரி சூட்டில் இருக்கும் சிலிக்கோன் எண்ணெயில் விட வேண்டும். சூடு பட்டதும் ஹெக்ஸாமின் உடைந்து ஃபார்மால்டிஹைடும் அம்மோனியாவும் ஆகிறது. சொட்டை உறைய வைப்பது அந்த அம்மோனியாதான். அது சொட்டின் உள்ளேயே, எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் பிறப்பதுதான் இதில் அழகு. எண்ணெய்க்குள் இறங்கி அடியில் சேர்வதற்குள் சொட்டு முழுவதும் உறைந்து ஜெல் ஆகிவிடும். திரவச் சொட்டுக்குத் தானாக வருகிற அந்த உருண்டை வடிவம் அப்படியே நின்றுவிடும். அச்சும் கிடையாது, அழுத்தவும் வேண்டாம்.

வெளியிலிருந்து அம்மோனியாவைக் கொடுத்து உறைய வைக்கும் வழியும் இருக்கிறது. இத்தாலியிலும் ஜெர்மனியிலும் அதை வளர்த்தார்கள். உள்ளிருந்தே அம்மோனியா வரவைக்கும் வழி நெதர்லாந்தில் ஆர்னெம் ஊரில், கேமா என்ற ஆய்வுக்கூடத்தில் உருவானது. சிகப்பி எடுத்துக்கொண்டது இதைத்தான்.

சித்திரை வெயிலில் காரைக்குடிப் பக்கம் இதைச் செய்வது என்ன பாடு என்று யோசித்துப் பார். லேபில் ஏசி கிடையாது. கரண்ட் போனால் ஐஸும் போச்சு. கலவை கொஞ்சம் சூடானாலும் ஊசிக்குள்ளேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். அப்புறம் ஊசி, குழாய் எல்லாவற்றையும் கழற்றிக் கழுவி மறுபடி ஆரம்பிக்க வேண்டும். விடியற்காலையில் வேலையை ஆரம்பித்தால் நல்லது என்று அவளே கண்டுபிடித்து, வாட்ச்மேனிடம் கெஞ்சி ஐந்து மணிக்கே கதவைத் திறக்க வைத்தாள். காலேஜில் ஐந்து மணிக்கு நீ எப்படி எழுந்திருப்பாய் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது, அதனால் உன்னோடு ஒப்பிட மாட்டேன்.

உறைய வைப்பதுகூட அவளுக்குச் சீக்கிரம் கைவந்துவிட்டது. எண்ணெயிலிருந்து எடுக்கும்போது மணிகள் கண்ணாடி மாதிரித் தெளிவாக, அவ்வளவு அழகாக இருக்கும். காய வைத்துச் சூளையில் வைத்து எடுத்தால் பாதிக்குப் பாதி வெடித்திருக்கும். ஐயா வைரத்தோடு வாங்கப் போகும்போது எடுத்துப் போவாரே, அந்த லென்ஸ் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் வைத்துப் பார்த்தேன். சில மணிகள் இரண்டாகப் பிளந்திருந்தன. சிலவற்றில் வெளியே ஒன்றும் தெரியாது, திருப்பிப் பார்த்தால் ஒரு பக்கம் மட்டும் மயிரிழை அளவுக்கு ஒரு கோடு, மணியைச் சுற்றி முக்கால் பங்கு ஓடியிருக்கும். நகத்தால் தொட்டால் அந்தக் கோட்டிலேயே உதிரும்.

எல்லோரும் சூளையைத்தான் குறை சொன்னார்கள். சூட்டை மெதுவாக ஏற்று என்றார்கள். ஏற்றினாள். இன்னும் மெதுவாக என்றார்கள். அப்படியும் வெடித்தது. மாதக்கணக்கில் இதே கதை. நடுவில் ஒருநாள் இங்கே வந்து இரண்டாம் கட்டில் தூணில் சாய்ந்து உட்கார்ந்து, "அயித்தை, நான் பி.எட். படிக்கப் போறேன்" என்றாள். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. பி.எட். படிப்பதில் ஒரு குறையும் இல்லை, நானே வாத்தியார் வேலை பார்த்தவள்தான். ஆனால் தோற்றுப்போய் ஒரு இடத்துக்குப் போகக்கூடாது விசாலம். ஜெயித்துவிட்டுப் போகட்டும்.

குற்றம் சூளையில் இல்லை, கழுவுவதில் இருந்தது. இதைக் கண்டுபிடித்ததும் அவள்தான். ஜெல் மணிக்குள் நுண்ணிய துளைகள் நிறைய. அவற்றில் மிச்ச ஹெக்ஸாமின், யூரியா, அம்மோனியம் நைட்ரேட் எல்லாம் தங்கியிருக்கும். மேலே ஒட்டிய எண்ணெயைக் கரைப்பானில் போக்கிவிட்டு, நீர்த்த அம்மோனியாவில் திரும்பத் திரும்பக் கழுவி இவற்றை வெளியே இழுக்க வேண்டும். உள்ளே தங்கிவிட்டால் சூளையில் அவை சிதைந்து வாயுவாகி, வெளியேற வழி இல்லாமல் மணியைக் கிழிக்கும். அவளுக்குக் கொடுத்திருந்த குறிப்பில் இத்தனை தடவை கழுவு என்று மட்டும் இருந்தது. இவள் கழுவிய தண்ணீரின் மின்கடத்தலை மீட்டர் வைத்து அளந்து பார்த்திருக்கிறாள். குறிப்பில் போட்ட கணக்கு முடிந்த பிறகும் எண் இறங்கிக்கொண்டே இருக்கிறது! அதாவது உப்பு இன்னும் வந்துகொண்டிருக்கிறது. அன்றிலிருந்து தடவைக் கணக்கை விட்டாள். மீட்டரில் எண் அசையாமல் நிற்கும் வரை கழுவினாள்.

காய வைப்பதையும் மாற்றினாள். நம் ஊர் அனலில் வெறுமனே வைத்தால் மணியின் மேல்தோல் முதலில் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் நிற்கும், தோல் பிளக்கும். மூடி போட்ட பாத்திரத்தில் பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணம் வைத்து, ஈரக் காற்றிலேயே மெல்ல மெல்லக் காயவிட்டாள். இரண்டையும் சேர்த்துச் செய்ததும் மணி வெடிக்காமல் நின்றது. எவர்சில்வர் தாம்பாளத்தை லேசாகச் சாய்த்து அதில் மணிகளைக் கொட்டிக் காட்டினாள். நல்ல உருண்டையெல்லாம் சொல்லிவைத்த மாதிரி நேராக ஓடிக் கீழே சேர்ந்தன. கோணலானவை தயங்கித் தயங்கிப் பின்தங்கின. பெரிய ஆலைகளிலும் சாய்தளத்தில் ஓடவிட்டுத்தான் பிரிப்பார்கள் என்று சொன்னேன், அவளுக்கு ஒரே சந்தோஷம்.

ஒரு மணி வெடித்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பாய். சீனாவில் ஷிடாவ் விரிகுடாவில் 2021 டிசம்பரில் மின்கட்டமைப்போடு இணைத்தார்களே, அந்த உயர்வெப்ப உலையில் எரிபொருளே இந்த மாதிரி மணிகள்தான். அரை மில்லிமீட்டர் யுரேனியம் ஆக்சைடு மணி, அதன்மேல் கார்பன், சிலிக்கான் கார்பைடு என்று அடுக்கடுக்காகப் பூச்சு. அப்படிப் பத்தாயிரத்துக்கு மேல் மணிகளைச் சேர்த்து 6 செ.மீ. உருண்டை ஒன்று. ஒரு உலைக்குள் அந்த உருண்டைகள் நாலு லட்சத்துக்கு மேல். ஜெர்மனியில் யூலிஷ் ஊரில் 1967 முதல் 1988 வரை இதே வகையில் ஒரு சின்ன உலை ஓடியது. அணு பிளந்து வரும் செனான், கிரிப்டான் வாயுக்களை வெளியே விடாமல் பிடித்து வைப்பது ஒவ்வொரு மணியின் மேலும் இருக்கிற அந்தப் பூச்சுதான். உள்ளே மணி சரியான உருண்டையாக இல்லாவிட்டால் பூச்சு சரியாக உட்காராது. அதனால்தான் இந்த மணிக்கு இவ்வளவு மெனக்கெடுகிறேன்.

நம் நாட்டுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மணவாளக்குறிச்சி மணலில் இருக்கிற தோரியத்தை உலையில் வைத்து யுரேனியம்-233 என்ற எரிபொருளாக மாற்றலாம். கல்பாக்கத்தில் காமினி உலை 1996இலிருந்து அதில்தான் ஓடியது. ஆனால் அதோடு கூடவே யுரேனியம்-232 கொஞ்சம் வரும், அது சிதைந்து உண்டாகிற தனிமங்களில் ஒன்று கடுமையான காமாக் கதிரை வீசும். வழக்கமான எரிபொருள் மாதிரி பக்கத்தில் நின்று பொடி அரைத்து வில்லையாக அழுத்துவதெல்லாம் நடக்காது. பொடி என்றால் தூசி, தூசி என்றால் கையுறை வழியாகக் கை விட்டு வேலை செய்கிற அந்த அடைத்த பெட்டி முழுக்கப் பரவும். கரைசலும் மணியும் அப்படி இல்லை. குழாயில் ஓடும், சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே வேலையை முடிக்கலாம். மணிகளை அப்படியே எரிபொருள் குழாய்க்குள் கொட்டி அதிரவைத்து நிரப்பவும் முடியும்.

இதை அம்மாவுக்குப் படியில் காட்டினேன். படி நிறையப் பட்டாணி போட்டுத் தலை தட்டினேன். "நிறைஞ்சாச்சு" என்றார்கள். மேலே கசகசாவைக் கொட்டி படியைத் தட்டத் தட்ட, அத்தனையும் உள்ளே இறங்கிவிட்டது. கடுகைப் போட்டபோது பாதியில் மாட்டிக்கொண்டு நின்றது. பெரிய மணியில் ஏழில் ஒரு பங்கு அளவாவது சின்னதாக இருந்தால்தான் இடுக்கில் இறங்கும். ஒரே அளவு மணி என்றால் குழாயில் அறுபது சதவீதத்துக்குச் சற்று மேல்தான் நிரம்பும். அளவு பார்த்து இரண்டு மூன்று வகை கலந்தால் எண்பதைத் தாண்டும். அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "கசகசா விக்கிற விலையில இது தேவையா?" திரும்பப் பொறுக்கித்தரச் சொல்லி என்னை உட்கார வைத்துவிட்டார்கள்.

இனிமேல்தான் உன்னிடம் கேட்க வேண்டியது. எனக்கு ஒரு கவலை இருக்கிறது விசாலம், ராத்திரியில் அதையே நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன். ஆய்வுக்கட்டுரைகளைப் புரட்டினால் "மணிகள் கழுவி உலர்த்தப்பட்டன" என்று ஒரே வரி. பிள்ளையின் ஒரு வருஷ உயிர் அந்த ஒரு வரிக்குள் கிடக்கிறது. எப்படிக் கழுவினார்கள், எங்கே நிறுத்தினார்கள், எந்த நிறத்தைப் பார்த்து இது தேறாது என்று ஒதுக்கினார்கள் என்பதெல்லாம் செய்தவர்கள் கையில் இருக்கிறது. மும்பை டிராம்பேயிலும் கல்பாக்கத்திலும் உள்ள அணு ஆய்வு மையங்களில் இதைச் செய்து கை பழகியவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றுப் போகிறார்கள். யார் அவர்களிடம் உட்கார்ந்து கேட்கிறார்கள்? அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து 1953இல் இந்த ஊருக்கு ஒரு மத்திய ஆய்வகத்தையே கொண்டுவந்தார். அவர் இடம் கொடுத்தது இங்கே பிள்ளைகள் உட்கார்ந்து கற்றுக்கொள்ளத்தானே.

உன் சின்ன மச்சினர் கல்பாக்கத்தில் எரிபொருள் வேதியியலில்தானே இருந்தார்? அவரிடம் சிகப்பி இரண்டு நாள் வந்து பேசலாமா என்று கேள். ரகசியம் எதுவும் வேண்டாம், ஜிர்கோனியா விஷயம் மட்டும் போதும். அவர் கோபக்காரர் என்று எனக்குத் தெரியும். கல்யாணப் பந்தியில் நடந்ததை நானும் மறக்கவில்லை. ஆனால் இந்தப் பிள்ளை கேட்கிற கேள்வியைக் கேட்டால் அவருக்கே பேச ஆசை வந்துவிடும், பார்.

இன்னொன்றும் இருக்கிறது. கல்லூரிச் சூளை ஆயிரம் டிகிரிக்கு மேல் போகாது. மணி கெட்டியாக இறுக 1400, 1500 வேண்டும். ஒரு இடத்தில் தருகிறோம் என்று வாய்நிறையச் சொன்னார்கள். தேதி குறித்த பிறகு, வெளியாள் சாமான் வைக்க விதி இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். விதி இருந்தால் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா? பிள்ளை பஸ் ஏறிப் போய் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினாள். அழவில்லை, சாப்பிடவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. எட்டு சதவீத யிட்ரியா (யிட்ரியம் ஆக்சைடு) முன்னாலேயே சேர்த்திருக்கிறாள், அதனால் சூட்டிலிருந்து ஆறும்போது ஜிர்கோனியா உருமாறி விரிசல் விடும் என்ற பயம் இல்லை. சூளை கிடைத்தால் போதும். சூளை எங்கே கிடைக்கும் என்பதும் மச்சினருக்குத் தெரிந்திருக்கும், மறக்காமல் கேள்.

வைகாசியில் பேத்திக்குக் காது குத்து என்றாயே, தேதி குறித்தாயிற்றா? அம்மாவால் பயணம் முடியாது, நான் வருகிறேன். சீப்புச்சீடை செய்து வைத்திருக்கிறேன், சிகப்பி சென்னை வந்தால் அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். அவளுக்கு ஜூன் பதினைந்துக்குள் ப்ராஜெக்ட் கொடுக்க வேண்டும், அதற்கு முன்னால் எந்த நாளானாலும் வருவாள். மச்சினரிடம் பேசிவிட்டு உடனே சொல். இதற்கு மட்டும் ரோஜாப்பூ அனுப்பாதே, போன் செய்.

அன்புடன்,
வள்ளி