மஞ்சள் தடவுவதற்கு முன்னால்

மாப்ளே,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. முழங்காலுக்கு பிசியோதெரபி போகிறாய் என்று படித்ததும், ஹாஸ்டலில் நாலு மாடியை இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறுவாயே, அதுதான் ஞாபகம் வந்தது. எனக்கும் சர்க்கரை எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. சரி, அந்தப் புராணம் நேரில்.

தையில் உன் பையனுக்குக் கல்யாணம். வரப்போகிற மருமகள் கைவினைக் காகிதத்தில்தான் அழைப்பிதழ் வேண்டும் என்று சொல்லிவிட்டாள். நீயும் வீட்டு பிரிண்டரிலேயே அடிக்கப் போகிறேன் என்று துள்ளுகிறாய். "உன் பெண் கல்யாணத்துக்கு மை இழுகாமல் எப்படிடா சமாளித்தாய்" என்று வேறு கேட்டிருக்கிறாய். சமாளித்தேன் என்று யார் சொன்னது? உன் கைக்கு வந்தது தேறிய அட்டை. தேறாத 43 அட்டை பரணில் கிடக்கிறது.

நான் முதலில் ஏமாந்தது காகிதத்தில். பாண்டிச்சேரியில் ஆசிரமத்துக் காகித ஆலை இருக்கிறதே, 1959-லிருந்து நடக்கிறது, அங்கே போய்ப் பெரிய தாளாக 50 எடுத்து வந்தேன். போதாது என்று தோன்றியதால் இங்கே ஒரு கடையில் பூவிதழ் பதித்த தாள் கொஞ்சம் மலிவாகக் கிடைக்க, அதையும் வாங்கினேன். பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான் இருந்தன. அடித்துப் பார்த்தால் இரண்டாவது தாளில் மை ஊறுகிறது. "அழைப்பிதழ்" என்ற சொல்லில் ழ் மேலே இருக்கிற புள்ளி அப்படியே பரவி எழுத்தோடு ஒட்டிக்கொண்டு, தூரத்தில் பார்த்தால் ஏதோ பூச்சி உட்கார்ந்த மாதிரி இருந்தது. கூழில் சேர்க்கிற பசை குறைந்தால் காகிதம் ஒற்றுத்தாள் போல் உறிஞ்சுமாம். ரோசினும் படிகாரமும் சேர்ப்பது பழைய வழி. இதைக் கடையிலேயே கண்டுபிடித்துவிடலாம். ஒரு சொட்டுத் தண்ணீரைத் தாள்மேல் வை. மணி மாதிரி உருண்டு கொஞ்ச நேரம் நின்றால் வாங்கு, வைத்ததும் குடித்துவிட்டால் அந்தத் தாளில் உறை மட்டும் செய்துகொள்.

அடுத்தது மை. பிரிண்டர் மையில் இரண்டு ஜாதி, டை மை, பிக்மென்ட் மை. டை தண்ணீரில் கரைகிற சாயம். பிக்மென்ட் பொடித் துகள், காய்ந்தபின் தண்ணீர் பட்டாலும் அவ்வளவாக அசையாது. நிறைய பிரிண்டர்களில் கறுப்பு மட்டும் பிக்மென்டாகவும் மற்ற வண்ணங்கள் டையாகவும் இருக்கும், மை பாட்டில் மேலே எழுதியிருக்கிறதா என்று பார். என்னுடையதில் எல்லாமே டை, எனக்கு அப்போது அது தெரியவும் தெரியாது.

ஒன்று கவனித்தாயா, மை குழாய் நுனியில் காய்ந்து அடைத்துக்கொள்ளக் கூடாதென்று அதில் கிளைகால் (glycol) என்கிற, ஈரத்தைப் பிடித்து வைக்கிற ரசாயனம் மாதிரி சமாசாரம் கலக்கிறார்கள், அதே சமாசாரம்தான் காகிதத்திலும் சீக்கிரம் காயவிடாமல் பிடித்து வைக்கிறது. தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், விரலை அழுத்தித் தேய்த்தால் வரும். நான் ஆனி வெயிலில் அடித்தேன், அப்போதே ஒரு ராத்திரி முழுக்க விட வேண்டியிருந்தது. நீ அடிக்கப் போவது கார்த்திகை மழையில், ஒரு நாள் முழுக்க விடு, ஃபேனுக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி வை. அடுக்கும்போது நடுவில் பட்டர் பேப்பர் வை. சைக்ளோஸ்டைலில் ஹாஸ்டல் பத்திரிகை அடித்தோமே, ஒவ்வொரு தாளுக்கும் நடுவே பழைய நியூஸ்பேப்பர் வைக்கிற வேலை உன்னுடையது, நீ தூங்கிப்போய் பின்பக்கமெல்லாம் தலைகீழ்க் கவிதை ஒட்டிக்கொண்டு வந்தது. அதே கதைதான்.

பிரிண்டர் செட்டிங்கில் நான் பெரிய புத்திசாலி மாதிரி போட்டோ பேப்பர், உயர் தரம் என்று வைத்தேன். அது மையைக் கொட்டுகிறது. சாதாரணத் தாள் என்று மாற்றினதும் பாதிப் பிரச்சினை போயிற்று. பிள்ளையார் படம் முழுக்க மெரூன் அடைத்த படம், அது மட்டும் ஈரமாகவே கிடந்து அடுத்த தாளின் முதுகில் அச்சாகியது. பெண் உட்கார்ந்து அதைக் கோட்டுச் சித்திரமாக மாற்றிக் கொடுத்தாள். அழகும் கூடியது என்பது என் கட்சி, அவள் அம்மா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஓரத்தில் கறுப்புக் கோடாக இழுகினால் அது மையின் குற்றம் கிடையாது, மையைத் தெளிக்கிற மைத்தலை தாளில் உரசுகிறது. கைவினைத் தாள் நேராகப் படுக்காது, ஓரம் தூக்கும். முந்தின நாளே கனமான புத்தகங்களுக்கு அடியில் வைத்துத் தட்டையாக்கு. பிரிண்டரில் தடித்த தாள் என்றோ உரசலைக் குறைக்க என்றோ ஒரு வசதி இருக்கும், போட்டால் தலை கொஞ்சம் உயரும். தாளைப் பின்பக்கத் தட்டு வழியாக ஒவ்வொன்றாக விடு, முன்தட்டில் வைத்தால் உள்ளே வளைந்து திரும்பி வரும். ஓரம் பிசிறாக இருப்பதுதான் அந்தக் காகிதத்துக்கு அழகு என்பார்கள், இருக்கட்டும், உள்ளே முதலில் நுழைகிற பக்கத்தை மட்டும் கட்டரால் நேராக வெட்டு. நடுநடுவே வெறும் தாள் இரண்டு விட்டால் உருளையில் ஒட்டின மை வந்துவிடும்.

நீ கேட்ட ஜெராக்ஸ் கடை லேசர் யோசனை எனக்கும் வந்தது. அது பொடியைச் சூட்டில் உருக்கி ஒட்டுகிறது, சொரசொரப்பான தாளில் பள்ளங்களில் சரியாகப் பிடிக்காமல் நகம் பட்டால் உதிர்கிறது. பூவிதழ் பதித்த தாளை அந்தச் சூட்டில் விடவே விடாதே.

இப்போது அந்த 43 கதை. எல்லாம் அடித்து, காய்ந்து, அடுக்கி, வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து அக்கா மஞ்சள் குழைத்து நாலு மூலையிலும் வைக்க உட்கார்ந்தாள். தண்ணீர் கொஞ்சம் தாராளம். மூலைப் பக்கமாக "தங்கள் நல்வரவை நாடும்" என்று நீல மையில் போட்டிருந்தேன். மஞ்சள் பட்டதும் நீலம் கரைந்து ஒரு பச்சை ஓடியது பார், மாப்ளே, தங்கள் நல்வரவு தண்ணீரில் போயிற்று. அக்கா பாட்டுக்குப் பேசிக்கொண்டே தடவிக்கொண்டு போகிறாள், நான் காபி வைத்துக்கொண்டு வருவதற்குள் 43. திட்டவும் முடியாது, மங்கல காரியம்.

அதனால் நாலு மூலையிலும் ஒன்றரை அங்குலம் எழுத்தோ கோடோ வராமல் விட்டுவிடு. மஞ்சளைக் கெட்டியாகக் குழைக்கச் சொல். ஒரு அட்டையில் ஈர விரலை வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் மற்றதைக் கொடு. மீதி அட்டைகளுக்கு நான் படம் வரைகிறவர்கள் அடிக்கும் மேட் ஸ்ப்ரேயை மொட்டை மாடியில் ஓரடி தள்ளி நின்று லேசாக இரண்டு தரம் அடித்தேன், பிடித்துக்கொண்டது. முதல் அட்டையில் ஆசையாக நனைத்து அடித்து அதுவும் ஓடியது, எண்ணிக்கை 44 என்று வைத்துக்கொள்.

உறைமேல் பேர் எழுத சம்பந்தி ஜெல் பேனாவோடு வருவார். பால் பாயின்டைக் கையில் கொடுத்து உட்கார வை.

நீ எத்தனை அட்டை அடிக்கப் போகிறாய் என்று எழுதவே இல்லையே? நூறு நூற்றைம்பது என்றால் செய். ஐந்நூறு என்றால் நெருங்கிய சொந்தத்துக்கு மட்டும் இதை அடித்துவிட்டு மிச்சத்தை சிவகாசிக்காரரிடம் விட்டுவிடு, உன் முழங்காலும் தாங்காது. ஆசிரமத்துத் தாள் நாலைந்து மீதி இருக்கிறது, இதோடு வைத்திருக்கிறேன். தண்ணீர்ச் சொட்டு வைத்துப் பார்த்துவிட்டு உன் பிரிண்டரில் ஒன்று அடித்து போட்டோ அனுப்பு. பகலில் போன் எடுக்கமாட்டேன், பேத்தி கையில் இருக்கும்.

உன்,
பழைய ரூம் நம்பர் 27