ஸ்க்ரோல் திக்குகிறது என்றாயே

சரவணா,

உன் மெயில் போன வாரமே வந்துவிட்டது, வீடு மாற்றும் களேபரத்தில் பதில் போட முடியவில்லை. இப்போது பெங்களூரில் அல்சூர்ப் பக்கம், தமிழ்ச் சங்கத்துக்கு நடந்தே போய்விடலாம், ஆபீஸுக்குத்தான் தூரம் கூடிப்போச்சு. சுதாவுக்கு வீடு பிடித்துவிட்டது, அதற்கு மேல் நான் பேச என்ன இருக்கிறது.

சரி, உன் நூலக சாஃப்ட்வேர். இங்கிலீஷ் பட்டியல் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, தமிழ்ப் பட்டியல் திக்குகிறது, கிராபிக்ஸ் கார்டு மாற்றினால் சரியாகுமா என்கிறாய். காசைத் தண்டம் பண்ணாதே. எழுத்தைத் திரையில் வரைவது இதில் சின்ன வேலை. ஒரு வடிவம் ஒருமுறை பிக்ஸலாக மாறிவிட்டால் கிராபிக்ஸ் கார்டின் (ஜிபியு) நினைவகத்தில் அட்லஸ் என்கிற பெரிய படத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், அடுத்தடுத்த முறை அங்கிருந்து எடுத்துப் போடுவதுதான். சீனத்துக்கு இருப்பதுபோல ஆயிரக்கணக்கான வடிவங்கள் நமக்கு இல்லை, அட்லஸ் நிரம்பி வழியப் போவதில்லை.

நேரம் போவது அதற்கு முன்னால். 'கொ' என்பது சேமிப்பில் க, அதன்பின் ஒகரக் குறி. எழுத்து வடிவங்களை அடுக்கித் தரும் ஹார்ஃப்பஸ் என்ற நிரல் அந்தக் குறியைக் கொம்பாகவும் காலாகவும் உடைத்து, கொம்பை ககரத்துக்கு முன்னால் நகர்த்தி, அப்புறம் ஃபான்ட்டின் அட்டவணைகளைப் புரட்டி ஒவ்வொன்றும் எங்கே நிற்க வேண்டும் என்று முடிவுசெய்கிறது. இங்கிலீஷுக்கு இந்த இடமாற்றமே கிடையாது. பயர்பாக்ஸ் இப்படிச் செய்து முடித்த சொற்களை நினைவில் வைத்துக்கொள்ளும், மறுபடி வந்தால் வேலை மிச்சம். ஆனால் நம் ஆட்கள் வீடு, வீட்டில், வீட்டிலிருந்து, வீட்டுக்காரரிடம் என்று எழுதிக்கொண்டே போவார்கள், அதற்கு எல்லாமே புதுச் சொல். அதனால் அந்த வித்தையை நீயும் எழுதிச் சேர்க்கக் கிளம்பாதே, நூல் தலைப்புகளுக்குப் பெரிய பலன் இருக்காது என்றே நினைக்கிறேன்.

நீ ஜன்னல், பொத்தான் எல்லாம் வரையப் பயன்படுத்தும் டூல்கிட் ஜிடிகே 4. அதில் பட்டியலைக் காட்டும் லிஸ்ட்வியூ, மேலே போய் மறைந்த வரிசையை எடுத்துப் புதுத் தலைப்போடு கீழே நிறுத்தும். நல்ல ஏற்பாடு, ஆனால் மேலே சொன்ன வேலை முழுக்க நீ ஸ்க்ரோல் செய்யும் அந்த நேரத்திலேயே நடக்கும், 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃப்ரேமுக்கு, அதாவது திரை ஒருமுறை புதுப்பிக்க, கிடைப்பதோ 16.7 மில்லிசெகண்ட். நீ வேறு தலைப்பைக் காட்டும் லேபிளை அடுத்த வரிக்கு மடங்க விட்டிருக்கிறாய்! மடங்கும் லேபிளின் உயரம் அகலத்தைப் பொறுத்தது, அதனால் இந்த அகலம் தந்தால் எவ்வளவு, அந்த அகலம் தந்தால் எவ்வளவு என்று டூல்கிட் திரும்பத் திரும்ப அளக்கும். தலைப்பை ஒரே வரியில் நிறுத்தி, நீண்டால் மூன்று புள்ளி வைத்து வெட்டிவிடு, முழுத் தலைப்பு விவரப் பக்கத்தில் வரட்டும். நோட்டோ சான்ஸ் தமிழை ஃபான்ட் பட்டியலில் முதலில் வை, எந்த ஃபான்ட்டில் தமிழ் இருக்கிறது என்று தேடும் வேலை குறையும். தேடல் பெட்டியில் ஒவ்வொரு எழுத்துக்கும் பட்டியலைப் புதுப்பிக்காதே, விரல் நிற்கும்வரை பொறு.

இதையெல்லாம் செய்யும் முன் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று அளக்கும் சிஸ்ப்ராஃப் ஓட்டி, அது தரும் ஃபைலை எனக்கு அனுப்பு. ஜிடிகேக்காக எழுத்து வரிகளை அமைக்கும் பாங்கோ, ஹார்ஃப்பஸ் பெயர்கள் மேலே நின்றால் நான் சொன்னது சரி. உன் டேட்டாபேஸ் பெயர் நின்றால் ஃபோன் பண்ணு, அது வேறு கதை.

பாலா